அழைக்காமல் வரும் மனுக்கள்

(கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பிளஸ் டூ முடிவு மே மாதம் வந்ததும் விண்ணப்பம் கேட்கிறோம். ஆனால் நாங்கள் அழைக்காமலே வரும் மனுக்கள் வருடம் முழுக்க உண்டு. வாட்ஸ்அப்பில் வரும், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் வரும், பெரிய மனிதர் சிபாரிசோடும் வரும். இவற்றை என்ன செய்கிறோம் என்று பலர் கேட்கிறீர்கள்.

முதலில் எந்தக் கணக்கு என்று பார்க்கிறோம். ஜகாத், குர்ஆன் (9:60) சொல்லும் எட்டு வகையினருக்கே உரியது. நல்ல மார்க் என்பதற்காக மட்டும் அதைத் தர முடியாது. ஸதகாவில் கை கொஞ்சம் தாராளம். அதில் ஒரு பகுதியை அவசரத்துக்கென்றே ஒதுக்கி வைக்கிறோம். தகப்பனார் திடீரென மவுத்தாகிவிட்டால், செமஸ்டர் கட்டணத்தின் கடைசித் தேதி அடுத்த ஜூன் வரை காத்திருக்குமா? அந்தப் பிள்ளையை வட்டிக்காரரிடமா அனுப்புவது?

பணம் கல்லூரியின் பெயருக்கே போகும். சிபாரிசு யாருடையது என்று பார்ப்பதில்லை. மனக்கசப்பு வந்தாலும் சரி.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பையனுக்குத் தமிழ்ப்புதல்வன். மனு கொண்டு வருபவர்களில் பலர் இவற்றுக்கு எழுதியிருப்பதே இல்லை. உட்கார வைத்து எழுதித் தருகிறோம்.

உதவ முடியாவிட்டாலும் பதில் உடனே சொல்லிவிடுகிறோம். பதில் வராத வீடு, வேறு கதவைத் தட்டாமல் எங்களையே நம்பியிருக்கும்.

கேட்கக் கூச்சப்படும் வீடு உங்கள் தெருவில் இருந்தால், செயலாளரிடம் காதோடு சொல்லுங்கள். மஃரிபுக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்போம், இன்ஷா அல்லாஹ்.