‘நீடித்தால்’ என்றால் எத்தனை நாள்?

(பெங்களூருவில் தமிழ்பேசும் கட்டுமானத் தொழிலாளர்களும் வீட்டுவேலைத் தொழிலாளர்களும் பங்கேற்ற தொழிற்சங்க வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லன். தமிழில் முதுகலை பயின்று, கட்சி ஆவணங்களையும் தொழிற்சங்கத் துண்டறிக்கைகளையும் பல ஆண்டுகளாகத் தமிழாக்கி வருபவன். நோய் இன்னது என்று முடிவு செய்வது மருத்துவரின் பணி. ஆனால் எந்த நாளில் அவரிடம் போக வேண்டும் என்ற முடிவை நாம்தான் எடுக்கிறோம். அந்த முடிவைப் பற்றி மட்டுமே இன்று பேச விரும்புகிறேன்.

சுகாதாரத் துண்டறிக்கைகள் அனைத்திலும் தவறாமல் இடம்பெறும் ஒரு தொடர் உண்டு: ‘அறிகுறிகள் நீடித்தால் மருத்துவரை அணுகவும்.’ இத்தொடரை நான் எத்தனை முறை தமிழில் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சென்ற ஆண்டு இதுபோன்றதொரு வகுப்பில், செங்கல் சுமக்கும் பெண் தோழர் ஒருவர் எழுந்து, “நீடித்தால் என்றால் எத்தனை நாள், தோழர்? ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். நாள் கணக்கைச் சொல்லுங்கள், நாங்கள் போகிறோம்” என்றார். என்னிடம் விடை இல்லை. ஒரு சொல்லை நூறு முறை எழுதியும் அதன் பொருளைக் கேளாதிருந்தேன் என்பதை அன்று உணர்ந்தேன். அவருக்கு நான் தர வேண்டிய விடைதான் இந்த உரை. எல்லா நோய்களையும் ஒரே உரையில் அடக்க முடியாது. உழைக்கும் மக்களை மிகுதியாகத் தாக்கும் காசநோயை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் காசநோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர்.

இந்நோயின் பழைய பெயர்களிலேயே அறிகுறிகள் அடங்கியுள்ளன. காசம் என்றால் இருமல். சயரோகம் என்பதிலுள்ள சயம் என்பது தேய்தலைக் குறிக்கும். என்புருக்கி என்ற தமிழ்ப் பெயர் எலும்பும் உருகுமாறு உடல் மெலிவதைச் சுட்டுகிறது. நுண்ணுயிர் ஒன்றே இந்நோய்க்குக் காரணம் என்று ராபர்ட் காக் 1882 மார்ச் 24ஆம் நாள் அறிவித்தார். அதற்கு நெடுங்காலம் முன்பே மக்கள் இதன் குணங்களைக் கூர்ந்து கண்டு பெயரிட்டிருந்தனர்.

இனி நாள் கணக்கு. இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தால் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். சாதாரணச் சளி இருமல் பெரும்பாலும் அதற்குள் தணிந்துவிடும். தணியாத இருமலுக்குக் காரணம் கண்டறிய வேண்டும். அரசின் காசநோய்த் திட்டமும் இந்த இரண்டு வாரத்தையே அளவாகக் கொண்டிருக்கிறது. சளியோடு வந்தாலும் வறட்டு இருமலாக இருந்தாலும் கணக்கு ஒன்றே. இரத்தம் வந்தால்தான் காசநோய் என்று எண்ணிக் காத்திருப்பது பெரும் பிழை. வீட்டில் ஏற்கெனவே காசநோயாளி ஒருவர் இருந்தாலோ, எச்.ஐ.வி. தொற்று உள்ளவர் என்றாலோ இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. இருமல் தொடங்கியதுமே காட்டிவிட வேண்டும்.

இருமலோடு வேறு சில குறிகளையும் கவனியுங்கள். மாலை வேளைகளில் மெல்லிய காய்ச்சல் வரும். காலையில் விட்டுவிடுவதால் வேலைக்குப் போய்விடுவோம். இரவில் தலையணை நனையும் அளவுக்கு வியர்க்கும். பசி குறையும். உடல் மெலியும். நம்மில் பலர் எடை பார்ப்பதில்லை. ஆனால் ரவிக்கை தளர்வதும், இடுப்புவாரில் ஒரு துளை தள்ளிப் போட வேண்டியிருப்பதும் நமக்குத் தெரியும். அவையே நம் எடைக்கருவி.

இந்நோய் நுரையீரலோடு நிற்பதில்லை. கழுத்தில் வலியில்லாத கட்டியாகவும் வரும். முதுகெலும்பையும் மூளையுறையையும் தாக்கும். கழுத்துக் கட்டி இரண்டு வாரத்தில் கரையவில்லை என்றால் காட்டிவிட வேண்டும். குழந்தைகளுக்கு இருமல் பெரிதாக இராமலும் போகலாம். எடை கூடாமை, விளையாட்டில் நாட்டமின்மை, விடாத காய்ச்சல் ஆகியவற்றைத் தாய்மார் கவனிக்க வேண்டும்.

நாள் கணக்கே பார்க்கக் கூடாத நிலைகளும் உண்டு. சளியில் இரத்தம் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தம் வாய்நிறைய வந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்து நினைவு தடுமாறினாலோ, 108ஐ அழைத்து உடனே அவசரப் பிரிவில் சேர்க்க வேண்டும்.

நம்மவர்கள் ஏன் தாமதிக்கிறார்கள்? ஒவ்வொரு தொழிலிலும் இருமலுக்கு ஒரு சமாதானம் கைவசம் இருக்கிறது. பீடி குடிப்பவர் ‘பீடி இருமல்’ என்பார். கட்டுமானத் தொழிலாளி ‘சிமெண்டுத் தூசி’ என்பார். உண்மையில் புகையிலையும் கல்தூசியும் காசநோய்க்கு வழி திறந்துவிடுகின்றன. இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. சுரங்கத்தில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்களின் நுரையீரலில் சிலிக்கா தூசி படிந்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. தூசி தந்த நோய் மட்டும் தொழிலாளியோடு வீட்டுக்கு வந்தது. கல்லுடைப்போரும் கிரானைட் அறுப்போரும் இன்று அதே தூசியைத்தான் சுவாசிக்கின்றனர். தூசியில் வேலை செய்பவருக்கும் நீரிழிவு உள்ளவருக்கும் ஆபத்து கூடுதல். அவர்கள் சமாதானம் தேடாமல் மற்றவரைவிட முன்னதாகப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு சுயவிமர்சனம் செய்ய வேண்டும். எங்கள் அச்சகத்தில் கணினியில் அச்சுக்கோக்கும் தோழர் ஒருவர் நான்கு மாதங்கள் இருமினார். மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்தார். தனியார் மருத்துவர் ஒருவர் மார்பில் குழல் வைத்துப் பார்த்து மாத்திரை எழுதித் தந்தார். சளிப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. அடுத்த மேசையில் உட்கார்ந்து காசநோய்த் துண்டறிக்கையை மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். “வெந்நீர் குடியுங்கள், தோழர்” என்று சொன்னேனே தவிர, “எத்தனை நாளாக இருமுகிறீர்கள்?” என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நோய் கண்டறியப்பட்டபோது ஒரு பக்க நுரையீரல் பெரிதும் சிதைந்திருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்று ஒரு மாடிப்படி ஏறினாலும் நின்று மூச்சு வாங்குகிறார்.

ஆகவே சளிப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். எச்சிலைத் துப்பித் தருவது பயன்படாது. மூச்சை ஆழ இழுத்து இருமி, நெஞ்சிலிருந்து வரும் சளியைத் தர வேண்டும். காலையில் எழுந்ததும் வரும் சளி சிறந்தது. அரசு மருத்துவமனைகளில் இப்பரிசோதனை இலவசம். நோய்க்கிருமி இருக்கிறதா என்பதையும், ரிஃபாம்பிசின் என்ற முதன்மை மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்தில் காட்டும் மூலக்கூறுப் பரிசோதனைக் கருவிகள் இன்று உள்ளன. இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்துக் காசநோயைச் சொல்லும் பரிசோதனை நம்பத்தக்கதன்று என்பதால் இந்தியாவில் 2012இல் தடை செய்யப்பட்டது. யாராவது எழுதித் தந்தால் மறுத்துவிடுங்கள். மருந்துக்கடையில் தாமாகவே நுண்ணுயிர்க்கொல்லி வாங்கி விழுங்குவதும் தீங்கானது. அவற்றுள் சில, நோயைச் சில நாள் மறைத்துக் கண்டறிதலைத் தாமதப்படுத்தும்.

தோழர்களே, ‘மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று மேடைதோறும் சொல்லக் கேட்கிறோம். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதற்கு இதே மண்ணில் நடந்த ஓர் ஆய்வு சான்று. 1959இல் பெங்களூருவில் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும், அருகிலுள்ள தும்கூர் மாவட்டக் கிராமங்களில் காசநோய் கண்டவர்களைத் தேடிச் சென்று விசாரித்து, 1963இல் முடிவுகளை வெளியிட்டனர். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தம் அறிகுறிகளை அறிந்தே இருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே மருத்துவ உதவி தேடிச் சென்றிருந்தனர். அப்படிப் போனவர்களில் பலர் இருமல் மருந்துப் புட்டியோடு திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர். எழுத்தறியாத அந்த விவசாயி உரிய நேரத்தில் கதவைத் தட்டினார், கதவுதான் திறக்கவில்லை. அறியாமை என்ற பழியை ஏழைமீது சுமத்துவோர் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

நோய் உறுதியானால் அஞ்ச வேண்டாம். ஒருகாலத்தில் காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்றார்கள். ஏழைக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. நகரத்து ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவருக்கு வீட்டிலுமாக ஓராண்டு அதே மருந்துகளைத் தந்து ஒப்பிட்டனர். வீட்டில் இருந்தவர்களுக்கு உணவும் ஓய்வும் குறைவு. ஆயினும் குணமடைந்தோர் அளவில் பெரிய வேறுபாடில்லை. குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகம் முழுவதும் சிகிச்சை முறையை மாற்றியது. எனவே நோயாளிக்குத் தனித் தட்டு, தனிக் குவளை என்று ஒதுக்கிவைப்பதில் பொருளில்லை. இந்நோய் காற்றின் வழியே பரவுவது. சன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயை மூடுங்கள். மருந்தை ஒழுங்காக உண்ணுங்கள். சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடும்.

மருந்துக்குக் கட்டுப்படும் நுரையீரல் காசநோய்க்கு வழக்கமான சிகிச்சைக் காலம் ஆறு மாதம். இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று பசி எடுக்கும். அப்போது நிறுத்துவதுதான் ஆபத்து. எஞ்சிய கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் கலங்க வேண்டாம், அது மருந்தின் நிறம். ஆனால் கண் மஞ்சளித்தாலோ, ஓயாது வாந்தி எடுத்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

இத்தனையும் நாம் அறிந்துகொண்டால் போதுமா? செங்கல் சுமக்கும் தோழர் கேட்டதில் இரண்டாவது பாதி இன்னும் இருக்கிறது. அன்றைய கூலியை யார் தருவது? ஈ.எஸ்.ஐ.யில் உரிய காலம் சந்தா செலுத்திய தொழிலாளிக்குக் காசநோய் வந்தால், நீண்டகால நோய் உதவியாகக் கூலியில் 80 விழுக்காட்டை இரண்டாண்டு வரை பெற வழியுண்டு. ஆயத்த ஆடை ஆலைத் தோழர்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் இங்கே அமர்ந்திருக்கும் கட்டுமான, வீட்டுவேலைத் தோழர்களில் பெரும்பாலோருக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை. அவர்களுக்கு ஒன்றிய அரசு தரும் ஊட்டச்சத்து உதவி மாதம் 500 ரூபாயாக இருந்து, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. ஒரு குடும்பத்தின் பருப்பும் முட்டையும் இதில் எத்தனை நாள் வரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

உணவும் மருந்துக்கு நிகரானது என்பது மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு உணவுப் பொருள்கள் வழங்கி நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. அக்குடும்பத்தாரிடையே புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்தது. 2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்று முழங்கிய அரசு, 2024 மார்ச்சில் மருந்து கையிருப்பு குறைந்தபோது மாநிலங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்ளட்டும் என்று கடிதம் எழுதியது. 2025ஆம் ஆண்டும் கடந்து போயிற்று, நோய் போகவில்லை. தடையற்ற மருந்து, வேலை முடிந்தபின் போகத்தக்க மாலைநேரப் பரிசோதனை, சிகிச்சைக் காலத்தில் கூலி ஈடு, முழுக் குடும்பத்துக்கும் உணவு ஆகிய நான்கும் நம் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வுக்கு அருகிலேயே இடம்பெற வேண்டும்.

கோரிக்கைகள் வெல்லும் வரை நாம் கைகட்டி இருக்க முடியாது. வேலையிடத்தில் பக்கத்தில் ஒருவர் இருமினால், எத்தனை நாளாக என்று கேளுங்கள். இரண்டு வாரம் என்றால் தனியே அனுப்பாமல் ஒருவர் உடன் செல்லுங்கள். அந்த நாளின் கூலியைச் சங்க நிதியிலிருந்து ஈடு செய்வது பற்றி இந்த வகுப்பின் முடிவிலேயே பேசித் தீர்மானிப்போம். இனி நான் எழுதும் துண்டறிக்கைகளில் ‘நீடித்தால்’ என்ற சொல் வராது. ‘இரண்டு வாரம் இருமினால்’ என்றே எழுதுவேன்.