குலவை போட நாலு பேர் வேணும்!

(பட்டிமன்றத் தலைப்பு: பொங்கலுக்குச் சொந்த ஊர் போவது சுகமா? சுமையா? ‘சுகமே’ அணியில் மூன்றாவதாகப் பேசியவரின் உரை)

சுமை சுமை என்று சொல்லிக்கொண்டே, நாளைக்கு ஊருக்குப் போக இன்றைக்கே டிக்கெட் எடுத்து வைத்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ரொம்ப உருக்கமாப் பேசினார். “பஸ்ஸில் இடமில்லை, ஜன்னல் கண்ணாடி மூடவில்லை, காதுக்குள் பனிக்காற்று, தலைக்குக் குரங்குக் குல்லா, மடியில் குழந்தை, காலடியில் மூட்டை. சென்னையில் இருந்து மதுரை 460 கிலோமீட்டர். இவ்வளவு அவஸ்தைப்பட்டு எதற்கய்யா போகணும்? செல்போனில் முகம் பார்த்துப் பேசினால் போதாதா?” என்று கேட்டார்.

நான் ஒண்ணு சொல்றேன் அய்யா. சென்னையில் பாரிமுனைப் பக்கம் இருந்து கிளம்பிக்கிட்டு இருந்த வெளியூர் பஸ்ஸெல்லாம் 2002-இல் கோயம்பேட்டுக்கு வந்தது. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புது நிலையம் திறந்தார்கள். தெற்கே போகிற பஸ்ஸெல்லாம் அங்கே போய்விட்டது. பாருங்கள், அந்தப் பஸ் நிலையமே கொஞ்சம் கொஞ்சமா எங்க மதுரைப் பக்கம் நகர்ந்து வந்துக்கிட்டு இருக்கு. பஸ் நிலையத்துக்கே ஊருக்குப் போகணும்னு ஆசை! மனுஷனுக்கு இருக்காதா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அப்ப இன்னும் இருபது வருஷத்துல பஸ் நிலையம் திண்டிவனத்துக்கு வந்துரும்ங்கறீங்க!

வரட்டும் அய்யா, எங்களுக்கு டிக்கெட் காசு மிச்சம். (சிரிப்பு)

இன்னொரு தம்பி கேட்டார், “உலகத்தில் வேறு எவனாவது இப்படிப் பனியில் அலைகிறானா?” என்று. அலைகிறான் தம்பி! சீனாவில் அவர்கள் புத்தாண்டு வருவதும் கடுங்குளிர் காலத்தில்தான். 2008 ஜனவரிக் கடைசியில் அங்கே தென்பகுதியில் பெரும் பனி கொட்டியது. ரயில் நின்றுபோனது. குவாங்சோ ரயில் நிலையத்து வாசலில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு நாள்கணக்கில் நின்றார்கள். ரயிலில் இடம் கிடைக்காதவர்கள், மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளிலேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஊருக்குப் போவதும் அங்கே நடந்திருக்கிறது. வீட்டுக்குப் போகிறவனுக்கு எந்த நாட்டிலும் ஒரே புத்திதான்!

அய்யா, எதிரணி சொன்ன கஷ்டம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். குளிர் உண்டு. தைப் பனி தரையைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? வடகிழக்குப் பருவமழை பெய்து முடிந்து ஏரி குளமெல்லாம் நிறைந்து கிடக்கிற நேரம் அது. மேகம் இல்லாத ராத்திரியில் பூமி தன் சூட்டையெல்லாம் விட்டுவிடும். தரையை ஒட்டின ஈரக்காற்று குளிர்ந்து அப்படியே பனிமூட்டமா நிற்கும். செங்கல்பட்டில் கொளவாய் ஏரி, அதைத் தாண்டினால் பாலாறு, அதையும் தாண்டினால் மதுராந்தகம் ஏரி என்று நம்ம ரோடே தண்ணிக்குப் பக்கத்தில்தான் போகிறது. விடியக்காலையில் முன்னால் போகிற லாரி தெரியாது. தெரியவில்லையே என்று விளக்கை உயர்த்திப் போட்டால், அந்த வெளிச்சம் பனியில் பட்டு நம்ம கண்ணையே கூச வைக்கும். அதனால்தான் பனியில் விளக்கைத் தாழ்த்திப் போடு என்பார்கள் அனுபவஸ்தர்கள்.

ஆக, கஷ்டம் உண்மை. ஆனால் சுமை எது? ஊருக்குப் போவதா? இல்லை அய்யா. போகிற அவசரம்தான் சுமை! இதைத்தான் நான் இங்கே சொல்ல வந்தேன்.

2019-ஆம் வருஷம். போகிப் பண்டிகை ராத்திரி. பஸ்ஸில் இடம் கிடைக்காமல், சென்னையில் இருக்கிற எங்க ஊர்க்காரங்க பதினாலு பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்தோம். மதுரைக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்குப் போகணும். மறுநாள் பொங்கல், செவ்வாய்க்கிழமை. “ஒன்பதுல இருந்து பத்தரை வரைக்கும் எமகண்டம். எட்டரைக்குள்ள பொங்கப் பானை பொங்கிரணும். நேரத்தோட வந்து சேருங்க” என்று எங்க அத்தை போனில் உத்தரவு போட்டிருந்தாங்க. மாமியார் உத்தரவு என்றால் சும்மாவா? (சிரிப்பு)

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். செங்கல்பட்டைத் தாண்டவே நடுராத்திரி ஆகிவிட்டது. ரோடு முழுக்க வண்டி. உளுந்தூர்பேட்டை தாண்டும்போது மூணரை மணி. வெளியே பார்த்தால் ஒரே வெள்ளை. திடீரென்று டிரைவர் ஒரு டீக்கடை ஓரமா, ரோட்டை விட்டு நல்லா உள்ளே இறக்கி, வண்டியை நிறுத்திவிட்டார். “அம்மா, தப்பா நினைக்காதீங்க. முந்தாநாள் ராத்திரியும் திருநெல்வேலி போய்ட்டு வந்தேன். கண்ணு கட்டுது. பனியும் கண்ணை மறைக்குது. ரெண்டு மணி நேரம் தலையைச் சாய்ச்சுக்கிறேன்” என்றார்.

வேனுக்குள்ளே ஒரே கூச்சல். “நல்ல நேரம் போயிரும்யா! முகத்தைக் கழுவு, டீயைக் குடி, எடு வண்டியை!” “காசை எண்ணி வாங்கினியே, இப்ப தூக்கம் வருதா?” ஆளாளுக்கு ஒரு பேச்சு.

அப்போது கடைசி சீட்டில் இருந்து ஒரு அப்பத்தா எழுந்திருச்சாங்க. எண்பது வயசு இருக்கும். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவங்க. அவங்க சொன்னாங்க: “அடேய், காலண்டர்ல போட்டிருக்கிற எமகண்டம் ஒன்பது மணிக்குத்தான்டா. இந்தப் பய கண்ணசந்தா எமகண்டம் இப்பவே! தூங்க விடுங்கடா பிள்ளைய!” (பலத்த கைதட்டல்)

அவ்வளவுதான். பதினாலு வாயும் மூடிக்கிச்சு. தன்னுடைய கம்பளியை எடுத்து அந்த டிரைவருக்குப் போர்த்திவிட்டாங்க அந்த அப்பத்தா.

அய்யா, விடிஞ்ச பிறகு டீ குடிக்கும்போது அந்தத் தம்பியிடம் கேட்டேன், “உங்களுக்கு எந்த ஊரு?” என்று. அவர் கையை நீட்டிக் காட்டினார். “திருக்கோவிலூர்ப் பக்கம்மா. இங்கேயிருந்து கூப்பிடு தூரம்தான். வீட்ல பொங்கல் வச்சுக்கிட்டு இருப்பாங்க. நான் உங்களை விட்டுட்டு மாட்டுப் பொங்கலுக்குள்ள வந்துருவேன்னு சொல்லியிருக்கேன்.”

எங்களுக்கு யாருக்கும் வாயில் பேச்சில்லை. பதினாலு பேரைப் பதினாலு வீட்டுப் பொங்கலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர், தன் வீட்டுப் பொங்கலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாண்டிப் போகிறார். எதிரணி நண்பர்களே, சுமை சுமை என்கிறீர்களே, உண்மையான சுமை யார் தோளில் இருக்கிறது என்று பாருங்கள்!

சங்க இலக்கியத்தில் ஒரு காட்சி உண்டு அய்யா. அகநானூற்றில் நான்காவது பாட்டு. குறுங்குடி மருதனார் பாடியது. வேலை முடிந்து தலைவன் வீடு திரும்புகிறான். கார்காலம் வந்துவிட்டது. வருவேன் என்று சொன்ன காலம் அது. எவ்வளவு அவசரம் இருக்கும்? ஆனால் அவன் என்ன செய்கிறான்? தேரில் கட்டியிருக்கிற மணியின் நாவைச் சத்தம் வராமல் கட்டிவிடுகிறான். ஏன்? பூவில் தேன் குடிக்கிற வண்டு அந்தச் சத்தத்தில் கலங்கிவிடுமாம்! வீட்டுக்குப் போகிற வேகத்திலும் ஒரு வண்டுக்காக யோசித்தவன் தமிழன். (கைதட்டல்) வண்டுக்கு யோசித்த நாம், வண்டி ஓட்டுகிறவருக்கு யோசிக்க வேண்டாமா?

நடுவர்: ஆகா! சரிம்மா, நல்ல நேரம் போச்சே, அத்தை என்ன சொன்னாங்க?

அதைத்தான் அய்யா சொல்ல வர்றேன். நாங்க போய் இறங்கும்போது மணி பதினொண்ணு. தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் பொங்கல் வைத்து, சாமி கும்பிட்டு, பானையை உள்ளே எடுத்துட்டுப் போயாச்சு. எங்க வீட்டு வாசலில் மட்டும் கோலம் போட்டு, மூணு கல்லு கூட்டி, மஞ்சள் கொத்து கட்டின புதுப்பானை அப்படியே இருக்கு. அடுப்பு பற்றவைக்கவே இல்லை. எங்க வீட்டுக்காரர் பதறிப்போய், “ஏம்மா, நேரம் போச்சே, நீங்க வச்சிருக்கலாமே?” என்றார்.

எங்க அத்தை சொன்னாங்க: “போடா! பானை பொங்கும்போது குலவை போட வேணாமா? நான் ஒருத்தியா நின்னு குலவை போட்டா ஊளை மாதிரில்ல இருக்கும்!” (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

சிரிச்சீங்க. நாங்களும் அன்னைக்குச் சிரிச்சோம். ஆனா யோசிச்சுப் பாருங்க. குலவை தனி ஆள் போடுகிற சத்தமா? நாலு பெண்கள் சேர்ந்து போட்டால்தான் அது குலவை. ஒருத்தி மட்டும் போட்டால், கேட்கிறவர்கள் என்ன ஆச்சோ என்று ஓடி வருவார்கள். எதிரணித் தம்பி செல்போனில் முகம் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம். அந்தச் செல்போன் குலவை போடுமா? பானைக்குப் பக்கத்தில் நின்று விறகைத் தள்ளிவிடுமா? பெரியவர்கள் காலில் விழுந்தால் தலையில் கை வைக்குமா?

இந்தப் பண்டிகையில் ஒரு நாளுக்கே பேரு காணும் பொங்கல்! மற்ற நாளில் சூரியனுக்கு, மாட்டுக்கு. அந்த ஒரு நாள் மனுஷனை மனுஷன் பார்க்கிறதுக்கு! போய்ப் பார், பெரியவர்களைக் கும்பிடு, உறவைக் கண்டுவிட்டு வா என்று நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். போகிறபோது இரண்டு பை. திரும்பும்போது கரும்பு, பரங்கிக்காய், மொச்சை, சிறுகிழங்கு, மஞ்சள் கொத்து என்று ஏழு மூட்டை. எதிரணி இதைத்தான் சுமை என்கிறது போலிருக்கிறது! (சிரிப்பு) அந்த மூட்டையில் இருப்பது கிழங்கா அய்யா? ஒரு வருஷமா நம்மை நினைத்து எடுத்து வைத்தது.

அந்த வருஷத்துக்குப் பிறகு எங்க வேனுக்கு மூணு சட்டம். ஒண்ணு, ராத்திரிப் பயணம் கிடையாது. ஒரு நாள் முன்கூட்டியே, காலையில் பனி விலகின பிறகு கிளம்புவது. இரண்டு, வண்டியில் ஏறுவதற்கு முன்னால் டிரைவரிடம், “தம்பி, ராத்திரி தூங்கினீங்களா?” என்று கேட்பது. தூங்கவில்லை என்றால் அவர் தூங்கி எழுந்த பிறகுதான் வண்டி. மூணு, ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் கரும்பும் ஒரு தூக்கு பொங்கலும் டிரைவர் வீட்டுக்கு. இதில் செலவு என்ன அய்யா? ஒரு நாள் லீவு கூட. ஆனால் பதினாலு குடும்பமும் பதினைந்தாவதாக அந்த டிரைவர் குடும்பமும் நிம்மதியாத் தூங்குது.

எனவே நடுவர் அவர்களே! பனி சுமையல்ல, தூரம் சுமையல்ல, நெரிசல்கூடச் சுமையல்ல. இன்னொருத்தர் உயிரையும் தூக்கத்தையும் மறந்து ஓடுகிற அவசரம்தான் சுமை. அந்த ஒன்றை இறக்கி வைத்துவிட்டால், மிச்சம் இருப்பதெல்லாம் சுகம்தான். பார்க்கிறதுக்கு ஆள் இருக்கிறவரைக்கும் போய்ப் பார்க்கணும். பத்திரமாப் போய்ப் பார்க்கணும். பொங்கலுக்கு ஊருக்குப் போவது சுகமே, சுகமே என்று நல்ல தீர்ப்பைத் தாருங்கள்!

(கைதட்டல்)