ஒருவருக்கே இரண்டு நோய்



நீரிழிவுக்காரர் ஒருவர் குளிசையை ஒழுங்காக எடுப்பதில்லை, கிளினிக் நாளையும் தவறவிடுகிறார் என்றால் நாம் என்ன சொல்கிறோம்? "மனுஷனுக்கு அக்கறையில்லை" என்கிறோம். வீட்டாரும் ஏசுகின்றனர், வைத்தியரும் ஏசுகின்றார். அந்த அக்கறையின்மையே வேறொரு நோயின் குறியாக இருக்கலாம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நித்திரை குழம்பி, ஒன்றிலும் விருப்பமின்றி, "இனி என்ன இருக்கிறது" என்று நாட்கணக்காய்க் குந்தியிருப்பது மனச்சோர்வு நோயாகலாம். நீரிழிவும் இருதய நோயும் உள்ளவரிடத்தில் அது மற்றவர்களிலும் பார்க்கக் கூடுதலாகக் காணப்படுகின்றது. சோர்ந்தவர் மருந்தை விடுவார். மருந்தை விட்டால் சீனி ஏறும். ஏறிய சீனி அவரை மேலும் சோர்வுறச் செய்யும்.

வைத்தியமோ பிரிந்து கிடக்கின்றது. சீனிக்கு ஓரிடம், மனத்துக்கு வேறோரிடம். அந்த வேறிடத்துக்குப் போக நம்மவர்க்கு வெட்கமும் உண்டு.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வேய்ன் கேற்றன் என்னும் உளநோய் வைத்தியரும் அவருடன் சேர்ந்தோரும் இதற்கொரு வழியைச் சோதித்து, 2010ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 14 கிளினிக்குகளில் 214 நோயாளர். ஒரு பகுதியாருக்கு வழமையான வைத்தியம், மறுபகுதியாருக்குப் புதிய முறை. புதுமை யாதெனில், யந்திரமன்று, ஒரு தாதி! நோயாளி வழக்கமாகப் போகும் கிளினிக்கிலேயே இரண்டு மூன்று வாரத்துக்கொரு முறை அத்தாதி அவரைச் சந்திப்பார். சீனி, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கவனிப்பார். 9 கேள்விகளால் மனச்சோர்வையும் அளப்பார். வாரந்தோறும் உளநோய் வைத்தியரும் பொது வைத்தியரும் அவருடன் கூடியிருந்து, யாருக்குக் குணம் காணவில்லை என்று ஆராய்வர். மருந்தை மாற்றவேண்டுமாயின் நோயாளியின் சொந்த வைத்தியருக்கு அறிவிப்பர். ஓராண்டில் மனச்சோர்வு, சீனி, அழுத்தம், கொழுப்பு என்னும் நான்கிலும் புதிய முறையினரே கூடிய திருத்தம் கண்டனர்.

"அது பணக்கார நாடு" என்று நீங்கள் சொல்லக்கூடும். இந்தியாவிலே சென்னை உட்பட நான்கிடங்களில், நீரிழிவும் மனச்சோர்வும் உள்ள 404 பேரிடம் இதையொத்த முறையைச் செய்து பார்த்து, 2020இல் வெளியிட்டிருக்கின்றனர். அங்கே நோயாளியைத் தொடர்ந்து விசாரித்தவர்கள் வைத்தியர்களல்லர். பயிற்சி பெற்ற பராமரிப்பு உதவியாளர்கள். இரண்டாண்டின் பின், மனச்சோர்வு பாதியளவேனும் குறைந்து, சீனி, அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் திருந்தியவர்கள் நூற்றுக்கு 71.6, வழமையான வைத்தியம் பெற்றோரில் 57.4. வழமையான வைத்தியத்திலும் பாதிக்கு மேற்பட்டோர் தேறினர் என்பதை நாம் மறைக்கலாகாது. ஆயினும் நூற்றில் பதினான்கு பேர் என்பது சிறு தொகையா?

வீட்டுப் பெரியவரைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லும் இளைஞர்களிடம் ஒன்று கேட்கின்றோம். முதல்நாள் இரவு அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த இரண்டு கிழமையாக எதிலாவது விருப்பம் குறைந்திருக்கிறதா? மனம் சோர்ந்து கிடக்கிறதா? ஆம் என்றால், சீனிக் கணக்கோடு அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். பெரியவர் தாமாகச் சொல்லமாட்டார்.