மழையை அளந்த டிஷ்
(ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மழை வலுத்தால் டிவியில் படம் நின்றுவிடுகிறது. "ஏன் சார்?" என்று எட்டாம் வகுப்பில் கேட்டார்கள். "மழை சிக்னலைக் குறைக்கிறது" என்று சொல்லி முடித்திருக்கலாம். எவ்வளவு குறைகிறது என்று அளந்தே பார்த்துவிட நினைத்தோம்.

கருவிகள் இரண்டுதான். ஒன்று, பக்கங்கள் நேராக உள்ள டப்பா. அதில் 1 மி.மீ. நீர் நின்றால், சதுர மீட்டருக்கு 1 லிட்டர் மழை. மற்றொன்று, பள்ளியின் செட்டாப் பாக்ஸ். அதன் மெனுவில் சிக்னல் வலிமை சதவீதமாகத் தெரியும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் குறித்தோம். இடி, மின்னல் இருந்தால் அளவீடு கிடையாது.

டிடிஹெச் சிக்னலின் அதிர்வெண் ஏறத்தாழ 12 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 2.5 செ.மீ. சில மி.மீ. அளவுள்ள மழைத்துளிகள் இந்த அலையின் ஆற்றலில் ஒரு பகுதியை உறிஞ்சும், ஒரு பகுதியைச் சிதறடிக்கும். 4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் 7.5 செ.மீ. என்பதால் அதற்கு இழப்பு மிகக் குறைவு.

ஒருநாள் ஒரு மாணவி எழுதியிருந்தாள்: மழை 0, சிக்னல் 80இலிருந்து 52. மழையே இல்லாமல் எப்படிக் குறையும்? சிவப்பு மையால் அடித்துவிட்டேன். "பார்த்துதான் சார் எழுதினேன். டிஷ் பார்க்கிற பக்கம் கருத்திருந்தது" என்றாள்.

வெளியே போய்ப் பார்த்தேன். தென்கிழக்கே பக்கத்து ஊரில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. சிக்னல் சாய்வாகத்தானே வருகிறது! டப்பா காட்டுவது அது இருக்கும் இடத்து மழையை. டிஷ் காட்டுவது சிக்னல் வரும் வழியெங்கும் உள்ள மழையை. அடித்த கோட்டின் அருகே "சரி" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

பிறகு வெயில் நாளில் டிஷ்மேல் ஈரத்துணியைப் போர்த்திப் பார்த்தோம். அப்போதும் அளவு குறைந்தது. ஆக, டிஷ்மேல் நிற்கும் நீருக்கும் இழப்பில் பங்குண்டு.

ஓர் எச்சரிக்கை: பெட்டி காட்டும் சதவீதம் டெசிபல் அல்ல. 3 டெசிபல் குறைந்தால் திறன் பாதியாகும். சதவீதத்துக்கு அப்படிப் பொதுக்கணக்கு இல்லை. ஒரே பெட்டியின் அளவுகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். எதிர்பாராத அளவை மாணவர் எழுதினால், உடனே அடித்துவிடாதீர்கள். அப்போது என்ன பார்த்தாய் என்று முதலில் கேளுங்கள்.