குழந்தையின் வேலையும் நமது குறுக்கீடும்

(ஒரு பெயர் சூட்டு நிகழ்ச்சியில் பேசியது)



இக்குழந்தைக்குப் பெயரிடுவதற்காக நம்மை அழைத்திருக்கிறீர்கள். இரண்டு தடவை வருவதாக ஒப்புக்கொண்டு நாம் வர முடியாமல் போனதால், வீட்டில் பாப்பா என்ற பெயரோடேயே அதற்கு ஒன்றேகால் வயதாகி விட்டது. அதற்கு மன்னிப்புக் கேட்டுக் கொள்ளுகிறோம். ஆனால் இத்தாமதத்தால் ஒரு லாபமும் உண்டு. பெயர் பெறப் போகிறவள் தொட்டிலில் தூங்கிக் கிடக்காமல், இதோ நம் காலடியில் உட்கார்ந்து வேலை செய்து கொண்டிருக்கிறாள்.

நமக்குப் போட்ட மாலையைக் கழற்றி வைத்தோம். அதை இழுத்து மடியில் போட்டுக் கொண்டாள். ஒவ்வொரு பூவாகப் பிய்த்து அந்த டம்ளருக்குள் போடுகிறாள். நிறைந்ததும் கவிழ்க்கிறாள். மறுபடியும் போடுகிறாள். ஒலிபெருக்கி பக்கத்திலேயே அலறுவதையும் அவள் லட்சியம் செய்யவில்லை. இதற்குள் ஒரு தோழர் "விஷமம் பண்ணாதே" என்று மாலையைப் பிடுங்க வந்தார். ஒரு அம்மாள் கிலுகிலுப்பையை ஆட்டினார். மற்றொருவர் கைப்பேசியில் பொம்மைப் படம் காட்டிக் கூப்பிட்டார். நாம்தான் கையமர்த்தினோம். ஆகையால் இன்று நாம் பேச நினைத்து வந்ததை விட்டுவிட்டு, இதைப் பற்றியே பேசலாமென்று உத்தேசிக்கிறோம்.

தோழர்களே! பெரியவன் ஒருவன் கணக்கெழுதும்போது யாராவது பேனாவைப் பிடுங்கினால் சும்மா இருப்பானா? பூஜை செய்கிறவனை நடுவில் கூப்பிட்டால் பாவம் என்கிறார்கள். ஆனால் இரண்டு வயதுக் குழந்தை மூடியைத் திறந்து மூடிக் கொண்டிருந்தால், அதைத் தூக்கவும், திருப்பவும், முத்தங் கொடுக்கவும், வந்தவருக்கு வணக்கம் சொல்லச் சொல்லவும் தெருவில் போகிறவனுக்குக்கூட உரிமை உண்டென்று எண்ணுகிறோம். என்ன காரணம்? அது செய்வது வேலையென்று நாம் ஒப்புக்கொள்வதில்லை.

அது வேலைதான் என்பதற்குக் கண்ணால் கண்டு எண்ணிப் பார்த்த சாட்சி இருக்கிறது. 1907-ஆம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, ரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், மரியா மாண்டிசோரி என்ற டாக்டர் அம்மையார் ஒரு குழந்தைகள் இல்லத்தை ஆரம்பித்தார். கட்டடக்காரர்கள் அவரை அழைத்தது கல்வியின்மேல் வைத்த ஆசையால் அல்ல. பெற்றோர் கூலிக்குப் போன பிறகு பிள்ளைகள் சுவரையும் படிக்கட்டையும் பாழாக்குகிறார்களே, ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக் கொண்டால் போதுமென்பதுதான் அவர்கள் கவலை. அங்கே சுமார் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று, பல அளவுள்ள மர உருளைகளை அதனதன் குழியில் செருகுவதும் எடுப்பதுமாக இருந்தது. அம்மையார் எத்தனை தடவை என்று எண்ண ஆரம்பித்தார். மற்றக் குழந்தைகளைப் பாடிக்கொண்டு நடமாடச் செய்தார், இது நிமிரவில்லை. நாற்காலியோடு அதைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். குழந்தை உருளைகளை அள்ளி அணைத்துக் கொண்டு மேஜைமேல் இருந்தபடியே வேலையைத் தொடர்ந்தது. நாற்பது தடவைக்கு மேல் செய்து, யாரும் சொல்லாமல் தானே நிறுத்தி, நன்றாய்த் தூங்கி எழுந்தவள்போல் மலர்ந்த முகத்தோடு சுற்றிலும் பார்த்ததாம்.

இந்த அம்மையார் நமது நாட்டுக்கும் வந்தவர். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். யுத்தத்தில் இத்தாலி எதிரி நாடாகிவிடவே, திரும்ப வழியில்லாமல், கொடைக்கானலிலும் தங்கியிருந்து, 1946-ல்தான் ஐரோப்பாவுக்குப் போனார். அவர் கிறிஸ்தவ பக்தியுள்ளவர். அழைத்தவர்களோ பிரம்மஞான சங்கத்தார். அவ்விரண்டிலும் நமக்கு அக்கறை கிடையாது. கண்ணால் பார்த்து எண்ணினார் அல்லவா, அதற்குத்தான் மரியாதை.

இன்னொரு பரீட்சையும் உண்டு. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐமி ஸ்டால், லிசா ஃபைகன்சன் என்ற இரு பெண்மணிகள் செய்து 2015-ல் வெளியிட்டது. பதினொரு மாதக் குழந்தைகளுக்கு, ஒரு விளையாட்டுச் சாமான் சுவரை ஊடுருவிப் போவதுபோலவும், வேறு சில குழந்தைகளுக்கு அது ஆதாரமில்லாமல் அந்தரத்தில் நிற்பதுபோலவும் ஒரு தந்திரம் செய்து காட்டினார்கள். பிறகு அச்சாமானையே கையில் கொடுத்தார்கள். சுவரை ஊடுருவியதைக் கண்ட குழந்தைகள் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தன. அந்தரத்தில் நின்றதைக் கண்டவை கீழே போட்டுப் போட்டுப் பார்த்தன. இதே அதிசயத்தை நம் ஊர் மைதானத்தில் ஒரு சாமியார் செய்து காட்டினால், எம்.ஏ. படித்தவர்கள் கன்னத்தில் போட்டுக் கொண்டு உண்டியலைத் தேடுவார்கள். பல் முளைக்கிற குழந்தையோ, "எங்கே, அதைக் கொடு, பார்க்கலாம்" என்கிறது!

ஆகவே உங்கள் வீட்டுக் குழந்தை சாப்பிடும்போது கரண்டியைக் கீழே போட்டு, நீங்கள் எடுத்துக் கொடுத்ததும் மறுபடி போட்டால், அது திமிரல்ல. ஒவ்வொரு தடவையும் விழுகிறதா, சத்தம் வருகிறதா, அம்மா எடுத்துத் தருகிறாளா என்று சோதிக்கிறது. பத்தாவது தடவை நமக்குக் கோபம் வரலாம், வரட்டும். கரண்டியை எடுத்து வைத்துவிடுங்கள். "திமிர்" என்று மாத்திரம் பெயர் வைக்காதீர்கள்.

நாமும் இக்குற்றத்துக்கு விலக்கல்ல. சில வருஷங்களுக்கு முன் நம் பேத்திக்கு ஒன்றரை வயது. அடுப்பங்கரை வாசலில் நாலு எவர்சில்வர் டப்பாக்களையும் அவற்றின் மூடிகளையும் வைத்துக்கொண்டு, எந்த மூடி எதற்கு என்று வெகு நேரமாகப் பார்த்துக் கொண்டிருந்தாள். அப்போது வெளியூர்த் தோழர்கள் வந்தார்கள். நமக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடிப்போய் அவளைத் தூக்கி வந்து "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்றோம். உடம்பை வில்லாய் வளைத்துக் கொண்டு அழுதாள். "பிடிவாதக்காரி" என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தோம். அவர்கள் போன பிறகு நம் மருமகள், "மாமா, மூன்று மூடி சரியாகப் போட்டுவிட்டாள். நாலாவதைக் கையில் எடுத்தபோது தூக்கிவிட்டீர்கள்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குழந்தையை மறுபடி டப்பாக்களண்டை உட்கார வைத்தோம். அவள் அவற்றைத் தொடவில்லை, நம்மையும் பார்க்கவில்லை. சுதந்திரம், சுதந்திரம் என்று மேடைமேடையாய்ப் பேசிய நமக்கு, நம் வீட்டு அடுப்பங்கரை வாசலில் நடந்தது அடிமைப்படுத்தும் காரியமென்று தெரியவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, குழந்தை எது செய்தாலும் விட்டுவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. நெருப்பு, கிணறு, தண்ணீர் வாளி, மின்சார இணைப்பு, மருந்து இவைகளிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் தூக்க வேண்டியதுதான். புளியங்கொட்டை, காசு, பொத்தான் போன்ற சின்னச் சாமான்களை மூன்று வயதுக்குள்ளான குழந்தையின் கையில் கொடுக்கக் கூடாது. தொண்டையில் சிக்கி உயிர் போகும். இதோ இக்குழந்தையின் தாயார் பக்கத்திலேயே உட்கார்ந்து, பூ வாய்க்குப் போகிறதா என்று கையைப் பார்த்துக் கொண்டிருக்கிறார், ஆனால் தடுக்கவில்லை. இதற்குக் கடையில் விலையுள்ள சாமான் வாங்க வேண்டியதில்லை. இரண்டு டப்பா, ஒரு பழந்துணி, ஒரு மரக்கரண்டி போதும். குடிசையிலும் இதற்குப் பஞ்சமில்லை.

பஞ்சமெல்லாம் நேரத்துக்குத்தான். உலை கொதிக்கிறது, தண்ணீர் லாரி வந்துவிட்டது, வேலைக்குப் பஸ் பிடிக்க வேண்டும், இதற்கிடையே குழந்தை டம்ளரை நிரப்புவதை ஒரு தாய் எங்கே நின்று பார்ப்பாள்? கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைக்கிறாள். அவளைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை காட்டவே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு மனைவியைக் கடிந்து கொள்ளுகிற தோழர், அந்த ஒரு மணி நேரம் தான் தரையில் குழந்தையோடு உட்காரட்டும். டீக்கடைப் பெஞ்சு ஒரு மணி நேரம் காலியாக இருந்தால் தேசத்துக்கு ஒன்றும் நஷ்டமில்லை. உட்காருகிறவர் பாடம் நடத்தவும் வேண்டாம், "சபாஷ்" என்று கை தட்டவும் வேண்டாம். கை தட்டினால் அது டம்ளரை விட்டு நம் முகத்தைப் பார்க்கும். அது நம்மைப் பார்த்து ஏதாவது கேட்டால் மாத்திரம் பதில் சொன்னால் போதும். "இதென்ன" என்று விரல் நீட்டினால் இன்னதென்று சொல்லுங்கள். தெரியாவிட்டால் சேர்ந்து பாருங்கள். இருட்டைக் காட்டிப் பூச்சாண்டி என்றும், கேள்வி கேட்டால் சாமி கண்ணைக் குத்தும் என்றும் சொல்லாதீர்கள்.

தலைவர் அவர்கள் கடியாரத்தைப் பார்க்கிறார். பெயர் வைக்கும் நேரம் வந்துவிட்டது என்கிறார். நல்ல நேரம், கெட்ட நேரம் நமக்கில்லை ஆகையால், ஒரு வேண்டுகோள். டம்ளர் இன்னும் பாதிதான் நிறைந்திருக்கிறது. அவள் தலை நிமிரட்டும். பிறகு பெயரைச் சொல்லுவோம். அதுவரை தோழர்கள் வெளியே போய்ச் சத்தமில்லாமல் காப்பி சாப்பிட்டுவிட்டு வரலாம்.