வெற்றிக்குக் காரணம் கூட்டு உழைப்பே!



எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு போடு போட்டார். "பத்துப் பேர் சேர்ந்து பல்லக்கைத் தூக்கலாம், ஆனா உள்ளே உட்காரத் தகுதி ஒருத்தருக்குத்தான் உண்டு" என்றார். நீங்களும் கை தட்டினீங்க. பல்லக்கைத் தூக்கினவங்க மட்டும் தட்டியிருக்க மாட்டாங்க. அவங்க கைதான் தண்டில் மாட்டிக்கிட்டிருக்கே! (சிரிப்பு)

"விளையாட்டைப் பாருங்க, நட்சத்திரம் இருக்கிற பக்கம்தான் வெற்றி" என்றும் சொன்னார். சரி தம்பி, விளையாட்டுக்கே வருவோம். கிரிக்கெட் வேண்டாம், அதைத் தொட்டா இந்த அரங்கமே நாலு கட்சியாப் பிரிஞ்சுடும். கூடைப்பந்துக்கு வருகிறேன். அமெரிக்காவில், என்.பி.ஏ. போட்டியில், 2003-04 பருவத்தில் நடந்த கதை.

அந்த வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியில் யார் யார் தெரியுமா? மலை மாதிரி ஷகீல் ஓ'நீல். மின்னல் மாதிரி கோபி பிரயன்ட். அது போதாதென்று கார்ல் மலோன், கேரி பேட்டன் என்று இரண்டு பெரிய தலைகள். ஒரு கோப்பையாவது வாங்கிவிட்டு ஓய்வு பெறலாம் என்று, தங்கள் பெரிய சம்பளத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தார்கள். கல்யாண வீட்டுக்கு நாலு மாப்பிள்ளை வந்த மாதிரி! (சிரிப்பு) பயிற்சியாளர் ஃபில் ஜாக்ஸன், அதற்குள் ஒன்பது கோப்பை வாங்கியவர். தம்பி சொன்ன பல்லக்கு அணி இதுதான்.

எதிரே டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். டெட்ராய்ட் கார் செய்கிற ஊர். ஒருத்தர் சக்கரம் மாட்டுவார், ஒருத்தர் கதவு மாட்டுவார், கடைசியில் முழு வண்டி ஓடி வரும். யார் செய்த கார் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்ல முடியாது. அந்த அணியின் விளம்பர வாசகமே "வேலைக்குப் போகிறோம்" என்பதுதான்.

அந்த அணியில் இருந்தவர்கள் யார்? பென் வாலஸ் என்று ஒருவர். அலபாமா மாநிலத்தில் சின்ன ஊர், வீட்டில் பதினோரு பிள்ளைகள். அமெரிக்காவில் ஆண்டுதோறும் அணிகள் முறை போட்டுப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும். 1996-இல் 58 பேரை எடுத்தார்கள். கோபி பிரயன்ட் 13-ஆவது. பென் வாலஸ்? 58-லும் இல்லை. பெண் பார்க்க வந்தவங்க பக்கத்து வீட்டுக்குப் போயிட்ட மாதிரி, ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை.

அடுத்து சான்சி பில்லப்ஸ். 1997-இல் மூன்றாவது இடத்தில் எடுக்கப்பட்டவர். ஆனால் முதல் வருஷம் முடியுமுன்னே "நீ வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அணி மேல் அணியாக மாறி 2002-இல் டெட்ராய்ட் வந்தார். ரஷீத் வாலஸ் பருவத்தின் நடுவில், 2004 பிப்ரவரியில் வந்து சேர்ந்தார். கோபக்காரர்! 2000-01 பருவத்தில் மட்டும் 41 முறை ஒழுங்கு தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்டு சாதனையே படைத்தவர். நம்ம வீட்டுச் சித்தப்பா ஒருத்தர் எப்பவும் கத்திக்கிட்டே இருப்பாரே, அந்த மாதிரி. ஆனா வீட்டுக்கு ஒரு கஷ்டம்னா முதல்ல வந்து நிக்கிறவரும் அவர்தான். (கைதட்டல்)

ரிச்சர்ட் ஹாமில்டன் என்று ஒருவர். மூக்கு உடைந்ததால் முகமூடி மாட்டிக்கொண்டு ஆடினார். கையில் பந்தே இல்லாமல் ஆட்டம் முழுக்க ஓடுவார். அவரைத் துரத்தி வருகிற எதிரியை மறிக்கச் சுவர் மாதிரி ஒருத்தர் நிற்பார். அந்த ஒரு நொடி இடைவெளியில் ஹாமில்டன் பந்தை வாங்கி எறிவார். கூடையில் விழுந்ததும் புள்ளி ஹாமில்டன் கணக்கில். சுவராக நின்று இடி வாங்கியவருக்கு? ஒன்றுமில்லை. தாய்மார்களே, இந்தக் கணக்கு உங்களுக்குப் புரியும். "பையன் முதல் மார்க்" என்று பத்திரிகையில் பையன் படம் வரும். நாலு மணிக்கு எழுந்து டீ போட்டவங்க படம் வருமா? (பலத்த கைதட்டல்)

டெய்ஷான் பிரின்ஸ் என்று ஓர் ஒல்லிக் குச்சி. இந்தியானா அணியோடு அரையிறுதித் தொடர். இந்தியானா அந்தப் பருவத்தில் 61 ஆட்டம் வென்ற அணி, தொடரிலும் முதல் ஆட்டத்தை ஜெயித்துவிட்டது. இரண்டாவது ஆட்டத்தில் கடைசி அரை நிமிஷத்துக்குள் டெட்ராய்ட் 69, இந்தியானா 67. பந்து பறிபோய்விட்டது. ரெஜி மில்லர் தனியாக ஓடுகிறார், முன்னால் ஆளே இல்லை. பிரின்ஸ் பின்னாலிருந்து ஓடி வந்து, தாவி, பந்தைத் தட்டிவிட்டு, வேகம் தாங்காமல் கோட்டுக்கு வெளியே போய்விட்டார். பந்து உள்ளேயே இருந்தது, தோழர் ஒருவர் பிடித்துக்கொண்டார். பிரின்ஸுக்கு அதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது, நடுவர் அவர்களே. ஆட்டம் மட்டும் கிடைத்தது.

இனி இறுதித் தொடர். டெட்ராய்ட் பயிற்சியாளர் லாரி பிரவுன் ஒரு கணக்குப் போட்டார். ஓ'நீலைத் தடுக்க எல்லோரும் இரண்டு மூன்று பேரை அனுப்புவார்கள். அப்போது மற்றவர்கள் சும்மா நின்று புள்ளி எடுப்பார்கள். இவர் பெரும்பாலும் ஒரே ஆளை நிறுத்தினார். "அவர் எடுக்கட்டும், மற்றவர்களை அடைத்துவிடுங்கள்!" முதல் ஆட்டம். ஓ'நீல் 34 புள்ளி. பிரயன்ட் 25. இரண்டு நட்சத்திரமும் 59. மொத்த அணி 75. மீதி எல்லோரும் சேர்ந்து எவ்வளவு? தம்பி, நீங்களே கழிச்சுச் சொல்லுங்க. பதினாறு! (கைதட்டல்) டெட்ராய்ட் 87 எடுத்து ஜெயித்தது.

எதிரணியில் ஒருவர் காதைக் கடிக்கிறார், எனக்குக் கேட்கிறது: "மலோனுக்கு முழங்காலில் அடி." உண்மைதான், கடைசி ஆட்டத்தில் அவர் ஆடவில்லை. ஆனால் முதல் ஆட்டத்தில் ஆடினாரே! அவர் எடுத்ததும் அந்தப் பதினாறுக்குள்தான் ஐயா இருக்கு.

நியாயமாகவும் சொல்லணும். இரண்டாவது ஆட்டம் டெட்ராய்ட் கைக்கு வந்துவிட்டது. 2.1 விநாடி மிச்சம். பிரயன்ட் தூரத்திலிருந்து எறிந்த மூன்று புள்ளிப் பந்து கூடையில் விழுந்து சமன் ஆனது. கூடுதல் நேரத்தில் லேக்கர்ஸ் ஜெயித்தது. தனி மனிதத் திறமைக்கு நானும் எழுந்து நின்று கை தட்டுவேன். ஆனால் அது வாங்கிக் கொடுத்தது ஓர் ஆட்டம். மூன்றாவது ஆட்டத்தில் அதே லேக்கர்ஸை 68 புள்ளிக்கு அடக்கினார்கள். நாலாவதும் டெட்ராய்ட். 2004 ஜூன் 15, ஐந்தாவது ஆட்டம், 100-க்கு 87. யாரும் எடுக்காத பென் வாலஸ் அன்று 18 புள்ளி, கூடையில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடித்தது 22 முறை. 1990-க்குப் பிறகு டெட்ராய்ட்டுக்குக் கோப்பை. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு, அணி அணியாக அனுப்பப்பட்ட பில்லப்ஸுக்கு.

மணி அடிக்கிறீங்க நடுவர் அவர்களே, ஒரே ஒரு விஷயம். மேதைகளுக்கு மட்டும் இடம் தருகிற கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் 2021-இல் பென் வாலஸைச் சேர்த்தார்கள். வாழ்நாள் முழுக்க அவர் ஓர் ஆட்டத்துக்கு எடுத்த சராசரி 5.7 புள்ளி. பல்லக்கில் உட்கார்ந்தவருக்குத்தான் பெருமை என்றால், இந்த 5.7 புள்ளிக்காரர் எப்படி உள்ளே போனார் என்று, அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரி பதில் சொல்லட்டும். (பலத்த கைதட்டல்)