தேகப்பயிற்சியில் தளராமை

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் கர்லாக்கட்டையை மூலையில் சாத்திவிடும் வாலிபர் நம் தென்காசியிற் சிலர் உளர். போட்டிக்கு நாட்குறித்த பின்னரும் ஊக்கம் குன்றுவதேன்? பிறர் புயத்தோடு நம் புயத்தை அளப்பதாலேயாம்.

அங்ஙனம் அளந்திருப்பின், 4 அடி 11 அங்குல உயரமே உடைய வங்காளத்து மனோகர் ஐச் மேடையேறியிரார். சிறையிலே கருவியின்றிப் பயின்றவர் அவர். 1951-இல் இலண்டன் ‘மிஸ்டர் யூனிவர்ஸ்’ போட்டியில் இரண்டாமிடமே பெற்றார். ஊர் திரும்பாது, அங்கேயே வேலை செய்துகொண்டு பயின்று, 1952-இல் தம் பிரிவில் முதலிடம் எய்தினார். 104 வயது வாழ்ந்து 2016-இல் மறைந்தார்.

ஆதலின், ஊக்கம் பிறக்கட்டுமென்று காத்திராது நாள்தோறும் பயில்வோமாக. நேற்றைய அளவோடு இன்றையதை ஒப்பிடுவோமாக. பெற்றோரும் நகையாது, வேளைக்கு உணவளித்துத் துணைநிற்பாராக.